பெரிய கம்பெனி வாங்கினால் என் கேஸ் ஷேர் ₹51 போகுமா?

ஒரு சிறிய இயற்கை எரிவாயு கம்பெனியின் பங்கைப் பற்றித் தண்டையார்பேட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கணக்கு இது: 10 கோடி பங்கு, சந்தை விலை ₹30, எரிவாயு வயலில் 80 பி.சி.எஃப். (ஒரு பி.சி.எஃப். என்பது நூறு கோடி கன அடி) கையிருப்பு. வாங்குபவர் ஆயிரம் கன அடிக்கு 0.75 டாலர் தருவார் என்று வைத்தால் 6 கோடி டாலர், டாலர் ₹85 வீதம் ₹510 கோடி, பங்குக்கு ₹51.

80 என்பது முழு வயலுக்கு. கம்பெனியின் பங்கேற்பு 60% என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆக ₹306 கோடிதான். இதுவரை போட்ட செலவு ₹100 கோடி போக லாபம் ₹206 கோடி. 25% வரி என்று வைத்தால் ₹52 கோடி போய்விடும். கடன் 90, கையில் ரொக்கம் 30, நிகரக் கடன் 60. மீதி ₹194 கோடி. நீங்கள் அனுப்பிய ஆண்டறிக்கைப் பக்கத்தின் அடிக்குறிப்பில் ₹15 விலையில் 1 கோடி வாரண்ட், அதாவது குறித்த விலையில் புதுப் பங்கு வாங்கும் உரிமை, இருக்கிறது. இன்றைய ₹30-ஐப் பார்த்து அதைப் பங்காக மாற்றிவிடுவார்கள் என்று வைத்தால் ₹15 கோடி உள்ளே வரும், ஆனால் பங்கு 11 கோடியாகும். 209-ஐ 11-ஆல் வகுத்தால் ₹19. ஒரே வயல், ஒரே டீல், ஆனால் ₹51-க்கும் ₹19-க்கும் உள்ள வித்தியாசம் முழுக்க நீங்கள் கழிக்காமல் விட்டவைதான்.

அந்த 80 முழுக்க 2பி-யா, அதாவது நிரூபணமானதும் கிடைக்க வாய்ப்புள்ளதும் சேர்ந்த கையிருப்பா என்றும் பாருங்கள். கண்டிஞ்சன்ட் வளம் (எடுத்து விற்க முடியும் என்று இன்னும் உறுதியாகாதது) என்று போட்டிருந்தால் அதற்கு 0.75 டாலரெல்லாம் யாரும் தர மாட்டார்கள். கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் தீன் தயாள் வயலில் 20 டிரில்லியன் கன அடி இருப்பதாக 2005-ல் அறிவித்தார்கள். 2017-ல் அரசு நிறுவனமான ஓ.என்.ஜி.சி. அதன் 80% பங்குக்குக் கொடுத்தது சுமார் 99.5 கோடி டாலர். அறிவித்த 20 டிரில்லியனோடு வகுத்துப் பாருங்கள், ஆயிரம் கன அடிக்கு 10 சென்ட்கூட வராது.

எண்ணூரில் கப்பலில் வந்து இறங்கும் எல்.என்.ஜி. (திரவமாக்கிய இயற்கை எரிவாயு) விலையை ஒப்பிட்டிருக்கிறீர்கள், அதை விட்டுவிடுங்கள். அந்த விலையில் திரவமாக்கும் செலவு, கப்பல் வாடகை எல்லாம் சேர்ந்திருக்கிறது. கிணற்று வாயில் கிடைப்பதை வயலின் ஒப்பந்தம்தான் தீர்மானிக்கும். 2016-க்குப் பிந்தைய ஹெல்ப் கொள்கை (எண்ணெய், எரிவாயு வயல்களுக்கான அரசின் உரிமக் கொள்கை) ஒப்பந்தங்களில் விலைச் சுதந்திரம் உண்டு. ஓ.என்.ஜி.சி.க்கு ஏலமில்லாமல் அரசு ஒதுக்கிய பழைய நாமினேஷன் வயல்களுக்கு 2023 ஏப்ரலிலிருந்து கச்சா விலையில் 10%, அதற்கும் 4 டாலர் தரை, 6.5 டாலர் கூரை என்று வைத்தார்கள். கூரை பிறகு கொஞ்சம் உயர்ந்தது.

அடுத்தது ஃபார்ம்-அவுட், அதாவது பங்கேற்பில் ஒரு பகுதியைக் கொடுத்துச் செலவைப் பங்காளியிடம் தள்ளுவது; சிறிய கம்பெனிகளுக்கு அதிகம் வாய்ப்புள்ளது இதுதான். 60% பங்கேற்பில் 30%-ஐப் பங்காளிக்குக் கொடுக்கிறார்கள் என்று வைப்போம். அவர் ₹40 கோடி ரொக்கம் தருகிறார், ₹240 கோடி கிணறு வேலையில் நம் 30%-க்கான ₹72 கோடியையும் சுமக்கிறார். இந்த 72-ஐ ரொக்கம் மாதிரிக் கூட்டாதீர்கள். இரண்டு வருடம் கழித்துச் செலவாகும் பணம்; வருடத்துக்கு 15% வீதம் தள்ளி இன்றைய மதிப்பைப் பார்த்தால் ₹54 கோடி. கிணறு காய்ந்துபோனால் அதுவும் மண்ணோடு போச்சு. ரொக்கம் 40-ஐயும் இந்த 54-ஐயும் கூட்டி, கொடுத்த 30-க்கு விலை 94 என்றால் மிச்சமுள்ள 30-க்கும் 94. 188-ல் நிகரக் கடன் 60 கழித்து வாரண்ட் 15 கூட்டினால் 143. பங்குக்கு ₹13, வரியைக் கழிக்காமலே.

டீலே இல்லையென்றால் அதே ₹240 கோடி கிணறு வேலையில் கம்பெனி தன் 60%-க்கு ₹144 கோடி திரட்ட வேண்டும். ₹12-க்கு ரைட்ஸ் (இருக்கிற பங்குதாரர்களுக்கே புதுப் பங்கு விற்பது) வந்தால் 12 கோடி புதுப் பங்கு. ஓடும் கிணற்றின் மதிப்பை ₹120 கோடி என்று வைத்தால், கடன் போக 60, அதோடு 144, 15. மொத்தம் 219-ஐ 23 கோடியால் வகுக்க ₹9.50.

விற்பனைக்கு 20%, ஃபார்ம்-அவுட்டுக்கு 35%, ஒன்றுமில்லாததற்கு 45% என்று நான் வைப்பேன். எடையிட்டால் சுமார் ₹12.60. விற்பனை நிச்சயம் என்று வைத்தாலும் ₹19-ஐத் தாண்டாது. எனவே இன்றைய ₹30 டீலுக்கான விலையே இல்லை. அடுத்த கிணற்றில் கேஸ் வரும் என்ற நம்பிக்கைக்கான விலை. அந்தக் கிணற்றைப் பற்றித் தெரியாமல் வாங்காதீர்கள்.

வயலை விற்றால் பணம் கம்பெனிக்குப் போகும், உங்கள் கணக்குக்கு வராது. புரமோட்டர் அதை வேறொரு பிளாக்கில் போட்டுவிடலாம். கம்பெனியையே வாங்கி 25%-ஐத் தொட்டாலோ கட்டுப்பாட்டைக் கைப்பற்றினாலோதான் செபி விதிப்படி ஓப்பன் ஆஃபர், அதாவது மற்றப் பங்குதாரர்களிடமும் வாங்க முன்வருவது, அதுவும் குறைந்தது 26% பங்குக்கு. எல்லோரும் கொடுக்க வந்தால் நீங்கள் கொடுத்ததில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிவிடுவார்கள். அந்த மீதிக்கு ஆஃபர் முடிந்த மறுநாள் சந்தை விலைதான், அதையும் கணக்கில் சேருங்கள்.