சோறு மக்கினாலும் கெடுதலா?

கேள்வி: அக்கா, பழைய சோறு, காய்கறித் தோல், வாழையிலை எல்லாம் மக்கிப் போகிற குப்பைதானே? அதைப் பையில் கட்டிப் போட்டாலும் பூமி சூடாகும் என்கிறாள் என் மகள். பிளாஸ்டிக்கைத்தானே குறை சொல்ல வேண்டும்?
– ஒரு வாசகி, செந்தூல்

பதில்: மகள் சொல்வது சரிதான், தங்கச்சி. என் அம்மா காய்கறித் தோலை வாழைமரத்தடியில் கொட்டுவார். கோழி கிளறும், காற்றுப் படும், மண்ணாகிவிடும். அதே தோல் பைக்குள் கட்டுண்டு, குப்பை மேட்டில் மண்ணுக்கடியில் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வாயு கிளம்பும். 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு சூடேற்றும். 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கும் மேல். மீத்தேனுக்கு மணமே கிடையாது. லோரி போகும்போது மூக்கைப் பொத்துகிறோமே, அந்த நாற்றம் வேறு வாயுக்களுடையது.

கோலாலம்பூர்க் குப்பை தாமான் பெரிங்கினில் குப்பையைப் பெரிய லோரிக்கு மாற்றும் நிலையத்தில் அமுக்கப்பட்டு, உலு சிலாங்கூரில் இருக்கும் புக்கிட் தாகார் குப்பை மேட்டுக்குப் போகிறது. அங்கே குழாய் பதித்து வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கிறார்கள். முன்பு பல மேடுகளில் அப்படியே காற்றில் விட்டதை நினைத்தால் இது பெரிய மாற்றம். ஆனாலும் சோறும் கறியும் சீக்கிரம் அழுகிவிடும். குழாய் வந்து சேர்வதற்குள் பாதி வாயு போய்விட்டால் என்ன செய்வது? 2030-க்குள் உலக அளவில் மீத்தேனை 2020-ஐவிட 30 விழுக்காடு குறைக்கும் உறுதிமொழியில் மலேசியாவும் 2021-இல் சேர்ந்தது. 2015 செப்டம்பரிலிருந்து நம் ஊரில் காகிதம், பிளாஸ்டிக், டின் எல்லாவற்றையும் பிரித்துப் போடச் சொல்கிறார்கள். சோறு மட்டும் இன்னும் பொதுப் பையில்தான் போகிறது. எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

சிகாம்புட்டில் என் வீட்டு வராந்தாவில் ஒரு பெயிண்ட் வாளி இருக்கிறது. பக்கத்திலும் அடியிலும் ஓட்டை போட்டு, ஒரு பிடி தோலுக்கு இரண்டு பிடி காய்ந்த இலை போடுகிறேன். முதல் மாதம் இலையைக் குறைத்துவிட்டேன். புளித்த வாடை அடித்து, பக்கத்து வீட்டு அம்மா வந்து கேட்டார். வாடை வந்தால் உள்ளே காற்றில்லை என்று அர்த்தம். கிளறிவிட்டு இலையைக் கூட்டினேன், அடங்கிவிட்டது. மூன்று மாதத்தில் கிடைத்த கறுப்பு மண்ணில்தான் என் கறிவேப்பிலை வளர்கிறது.

மீன் முள், குழம்பு கலந்த சோறு வேண்டாம், எலி வரும். சோற்றை முடிந்தவரை அளந்து வடியுங்கள். வாழையிலையைச் சின்னதாகக் கிழித்துப் போடுங்கள். அடுக்குமாடியில் காய்ந்த இலைக்கு எங்கே போவது என்றால், பழைய நாளிதழையும் முட்டை அட்டையையும் கிழித்துப் போட்டாலே போதும்.