கணினிக் கேள்வி பதில்: பழையதைக் கழற்றி விடலாமா?

கேள்வி: அண்ணா, நாங்கள் மூன்று நண்பர்கள் வேலை நேரம் போக ஒரு சின்ன ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிக்கொண்டிருக்கிறோம். 1 ஜிபி ராம் உள்ள பழைய கம்ப்யூட்டரில் ஓட வேண்டும், பள்ளிப் பிள்ளைகள் உள்ளே திறந்து பார்த்தால் புரிய வேண்டும், அதுதான் ஆசை. இப்போது எங்களுக்குள் சண்டை. லினக்ஸ் புரோகிராம்கள் அப்படியே ஓடாவிட்டால் யாரும் இதைத் தொடமாட்டார்கள் என்கிறான் ஒருவன். அதைச் செய்தால் நம்முடையதும் இன்னொரு லினக்ஸ்தானே, எதற்கு உட்கார்ந்து எழுத வேண்டும் என்கிறான் மற்றவன். யார் சொல்வது சரி?
- வாசகர், தாம்வே, ரங்கூன்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அவ்வளவு சந்தோஷம். என் மனம் இரண்டாமவன் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் நீங்கள் மூவரும் இரண்டு காரியங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். பழைய புரோகிராம்கள் ஓட வேண்டும் என்பது ஒன்று. ஊரார் எழுதியதை உங்கள் கம்ப்யூட்டர் படிக்க வேண்டும், அதில் எழுதியதை ஊரார் படிக்க வேண்டும் என்பது வேறு. முதலாவதை விட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம். இரண்டாவதில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்.

இந்த ஊரில் அதை நாம் பட்டு அறிந்தவர்கள். ஜோஜி எழுத்துருவை நினைத்துப் பாருங்கள். பர்மிய எழுத்தை அடுக்கிக் காட்ட அந்நாளைய கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை, அதனால் கண்ணில் படும் வடிவங்களுக்கே நேராக எண் கொடுத்துவிட்டார்கள், போட்டவுடனே வேலை செய்தது, அதைவிட எளிமை ஏது? 2014-ல் சிம் கார்டு 1,500 கியாட்டுக்கு இறங்கி ஊரெல்லாம் போன் வாங்கியபோது கடைக்காரர்களும் அதையே போட்டுக் கொடுத்தார்கள். ஆனால் மோன், கரேன், ஷான் எழுத்துகளுக்கென்று, உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடு ஒதுக்கியிருந்த இடங்களில் சிலவற்றில் ஜோஜியின் வடிவங்கள் உட்கார்ந்துகொண்டன. ஒருவர் அனுப்பிய செய்தி இன்னொருவர் போனில் சிதைந்து வந்தது.

2019 அக்டோபர் 1 முதல் நாடே யூனிகோடுக்கு மாறியதல்லவா, அப்போது என் மைத்துனர் தம் அரிசிக்கடையின் கடன் கணக்கைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். ஒரே வாடிக்கையாளர் பெயர் பட்டியலில் இரண்டு இடத்தில் இருக்கிறது, கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், தேடினால் ஒன்றுதான் அகப்படுகிறது! பர்மிய எழுத்தின் மேற்குறியை முதலில் தட்டியது ஒன்று, கீழ்க்குறியை முதலில் தட்டியது மற்றது. அதனால் ஒருவருடைய பாக்கி இரண்டு பேர் பாக்கியாகப் பிரிந்து கிடந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரி வரியாகத் திருத்தினோம். நம் தமிழிலும் இதே கதைதான். பழைய எழுத்துருக்களில் 'கெ' என்றால் கொம்பு முதலில், ககரம் பிறகு. யூனிகோடில் அது தலைகீழ்.

சரி, பெரியவர்கள் எப்படிச் செய்தார்கள்? அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கிய கூட்டமே பிறகு பிளான் 9 என்று ஒன்றை எழுதியது. யூனிக்ஸ் புரோகிராம்களுக்காகத் தங்கள் வடிவமைப்பை அவர்கள் வளைக்கவில்லை, அவற்றைக் கொண்டுவர ஏப் என்று தனியாக ஒரு சூழலை ஓரமாகக் கட்டினார்கள், வேண்டாதவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். எழுத்து என்று வந்தபோது மட்டும் எவ்வளவு கவனம் பாருங்கள்! 1992-ல் கென் தாம்சனும் ராப் பைக்கும் அதற்காக உருவாக்கிய, யூனிகோடு எண்களைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில், ஆங்கில எழுத்துகளுக்கான பழைய ஆஸ்கி முறைக் கோப்பு ஒரு பைட்கூட மாறாமல் செல்லும். பிளான் 9 பரவவில்லை, ஆனால் இன்று நீங்கள் திறக்கும் இணையப் பக்கங்களில் பெரும்பாலானவை அந்த யூடிஎஃப்-8-ல்தான் இருக்கின்றன.

எதிர்வழியில் போனவர்களையும் சொல்கிறேன். பீஓஎஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கம்பெனி 2001-ல் விற்கப்பட்டதும் அதன் ரசிகர்கள் அதே மாதிரியில் ஹைக்குவைத் தொடங்கினார்கள். பீஓஎஸ்ஸின் பழைய புரோகிராம்கள் அப்படியே ஓட வேண்டும் என்பதற்காக, 32-பிட் பதிப்பை இன்றும் 1999-ம் வருடத்து ஜிசிசி 2.95 வழியில் வந்த கம்பைலரால் (எழுதிய புரோகிராமைக் கம்ப்யூட்டர் ஓட்டும் வடிவாக மாற்றும் கருவி) கட்டுகிறார்கள், புதிய புரோகிராம்களுக்கு இன்னொரு கம்பைலர், ஆக புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரிகளே இரண்டு இரண்டு! 64-பிட் பதிப்பில் அந்தச் சுமையை இறக்கிவிட்டார்கள். என் கணக்கில் அது நல்ல முடிவு. அப்புறம் ஐபிஎம்மின் ஓஎஸ்/2 ஆபரேட்டிங் சிஸ்டம். விண்டோஸ் புரோகிராம்களை அது நன்றாகவே ஓட்டியது, அதனாலேயே ஓஎஸ்/2-க்கென்று தனியாக எழுதப் பலருக்குத் தேவை வரவில்லை. இதை முதல் நண்பரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆகவே லினக்ஸ் புரோகிராம்களுக்கான பகுதியை எழுதுங்கள், ஆனால் தனி ஃபோல்டரில், சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு வெளியே. மாதம் ஒருமுறை அந்த ஃபோல்டரை எடுத்துவிட்டு மற்றதைக் கம்பைல் செய்து பாருங்கள். கம்பைல் ஆகாவிட்டால் அது எங்கோ உள்ளே வேர்விட்டிருக்கிறது, அன்றைக்கே பிடுங்கிவிடுங்கள். எழுத்துகளை அடுக்கிக் காட்டும் வேலையை மட்டும் நீங்களே எழுத ஆசைப்படாதீர்கள். ஹார்ஃப்பஸ் (HarfBuzz) என்ற திறமூல லைப்ரரி பர்மியம், தமிழ் இரண்டையும் சரியாகச் செய்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விண்டோஸில் 'சிஓஎன்' என்ற மூன்று ஆங்கில எழுத்தில் ஃபோல்டர் போட முடியவில்லை. வைரஸா?
- வாசகி, மாண்டலே

பதில்: இல்லை அம்மா, பயப்படாதீர்கள். விண்டோஸுக்கு முன்னால் 1981-ல் வந்த டாஸில் ஃபோல்டரே கிடையாது, அந்தப் பெயர் விசைப்பலகையையும் திரையையும் குறித்தது. இரண்டு வருடம் கழித்து ஃபோல்டர்கள் வந்தபோது, பழைய புரோகிராம்கள் உடையக்கூடாதே என்று எந்த ஃபோல்டரிலும் அந்தப் பெயரை ஒதுக்கியே வைத்தார்கள். அது இன்றுவரை தொடர்கிறது. மேலே எழுதிய தம்பியும் இதைப் படிக்கட்டும்.

கேள்வி: கடையின் பழைய பில் புரோகிராமுக்காக ரியாக்ட்ஓஎஸ் போடலாமா?
- வாசகர், தட்டோன்

பதில்: கடைக்கு வேண்டாம். விண்டோஸ் புரோகிராம்களை அப்படியே ஓட்டுவதுதான் அதன் குறிக்கோள், 1990-களிலிருந்து உழைக்கிறார்கள், இன்னும் ஆல்ஃபா என்ற சோதனை நிலைதான். லினக்ஸில், விண்டோஸ் புரோகிராம்களை ஓட்ட உதவும் வைன் போட்டு ஓடுகிறதா பாருங்கள். அதற்கு முன்னால் பில் கோப்புகளை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள்.