இது ஆசையா, பித்தா? தீம் பார்க் கிறுக்கர்களுக்குக் கேள்வி பதில்

தென் கலிஃபோர்னியாவுக்கு வந்து 17 வருடம் ஆகிறது. அனஹைம் டிஸ்னிலேண்ட் வீட்டிலிருந்து காரில் 25 நிமிடம். தீம் பார்க் மீதுள்ள பிரியம் எந்த இடத்தில் நோயாக மாறுகிறது என்று கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் மனைவிகள், தங்கைகள், அம்மாக்கள் அனுப்பியவை. கிறுக்குப் பிடித்தவர்கள் தங்களைப் பற்றி அதிகம் கேட்பதில்லை போலிருக்கிறது. நான் டாக்டர் இல்லை, என்ஜினியர். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி (அர்வைனிலிருந்து ஒரு சகோதரி): அண்ணா, என் கணவர் டிஸ்னிலேண்ட் பாஸ் வைத்திருக்கிறார். வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆபீஸ் முடிந்து நேராக அங்கேதான் போகிறார். ரைடு எதிலும் ஏறுவதில்லையாம். ஒரு பெஞ்சில் காபியோடு உட்கார்ந்துவிட்டு எட்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறார். இது சாதாரணமா?

பதில்: அனஹைம் பக்கம் இது சாதாரணம்தான். ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டுக்குப் பலரும் விமானம் ஏறி வந்து, ஒரு வாரம் ஓட்டலில் தங்கி, கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடுவார்கள். டிஸ்னிலேண்ட் ஊருக்கு நடுவில் இருக்கிறது. 1955 ஜூலை 17 அன்று திறந்ததிலிருந்தே உள்ளூர்க்காரர்கள் வந்து போகும் இடம். நம் ஊரில் சாயங்காலம் கோயில் பிரகாரத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி இங்கே, பார்க் வாசலைத் தாண்டியதும் வரும் மெயின் ஸ்ட்ரீட் கடைத்தெருவில் உட்காருகிறவர்கள் உண்டு.

எண்ணிக்கையை வைத்துப் பயந்தால் இந்த மனிதரை என்ன சொல்வீர்கள்? 2012 ஜனவரி 1 அன்று ஒருவர் தினமும் டிஸ்னிலேண்ட் போக ஆரம்பித்தார். அப்போது அவருக்கு வேலை இல்லை, கையில் பாஸ் மட்டும் இருந்தது. காசில்லாமல் பொழுது போக ஒரு வழி. பிறகு வேலை கிடைத்தது. வேலை முடிந்து போனார். இப்படி 2020 மார்ச் 13 வரை ஒரு நாள் விடாமல் 2,995 நாள். மறுநாள் கொரோனாவுக்காக பார்க்கை மூடிவிட்டார்கள். 3,000-க்கு ஐந்து நாள் பாக்கி! கின்னஸில் பதிவான சாதனை இது. இவரைப் பைத்தியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை தேடும் காலத்தில் வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பதைவிட, தினமும் வெளியே போய் நாலு பேரைப் பார்த்து நடந்துவிட்டு வருவது எவ்வளவோ மேல்.

எனவே உங்கள் கணவர் எத்தனை நாள் போகிறார் என்று எண்ணாதீர்கள். போக முடியாத நாளில் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், இன்று வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்றால் முகம் சுளிக்காமல் வருகிறாரா? வந்தால் கவலையே வேண்டாம். வந்துவிட்டு இரவு முழுக்க எரிந்து விழுந்தால் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். அதற்கு முன்னால் ஒரு நாள் நீங்களும் கூடப் போய் அந்த பெஞ்சில் உட்காருங்கள். அவர் அங்கே ஓய்வெடுக்கிறாரா, ஒளிந்துகொள்கிறாரா என்பது அரை மணியில் தெரிந்துவிடும்.

கேள்வி: அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்கிறார்களே. வருடத்துக்கு எத்தனை தடவை போனால் அளவு மிஞ்சியதாக அர்த்தம்?

பதில்: பழமொழி சொன்னவருக்கு அளவு தெரிந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. ஆனால் ராபர்ட் வாலராண்ட் என்ற கனடா உளவியலாளர் 2003-இல் சொன்ன ஒரு பிரிவினை எனக்குப் பிடிக்கும். பற்று இரண்டு வகை என்கிறார். ஒன்று இணக்கமான பற்று: அதை நீங்கள் வைத்திருக்கிறீர்கள், வேண்டும்போது எடுக்கிறீர்கள், வேண்டாதபோது வைத்துவிடுகிறீர்கள். இன்னொன்று ஆட்டிப்படைக்கும் பற்று: அது உங்களை வைத்திருக்கிறது. போகாமல் இருக்க முடியவில்லை, போனாலும் நிம்மதி இல்லை, மற்ற வேலைகளோடு அதற்கு எப்போதும் சண்டை. வருடம் இரண்டே தடவை போகிறவருக்கும் இரண்டாவது வகை இருக்கலாம். மீதி 363 நாளும் அவர் அதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தால்.

கேள்வி (ஒஹையோவிலிருந்து): என் தம்பிக்கு ரோலர் கோஸ்டர் பைத்தியம். "கிரெடிட்" என்று ஏதோ கணக்கு வைத்திருக்கிறான், இதுவரை 312. போன கோடையில் குடும்பத்தோடு காரில் போகும்போது, ஒரு சின்னக் கண்காட்சித் திடலில் இருக்கும் குழந்தைகள் கோஸ்டருக்காக இரண்டு மணி நேரம் சுற்றிக் கூட்டிப் போனான். அம்மாவுக்கு முட்டி வலி. இவனை என்ன செய்வது?

பதில்: அம்மாவுக்கு என் அனுதாபம். தம்பியையும் எனக்குப் புரிகிறது, அதுதான் சங்கடம்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: இதுவரை ஏறாத ஒரு கோஸ்டரில் ஏறினால் ஒரு கிரெடிட். அதே கோஸ்டரில் நூறு தடவை ஏறினாலும் ஒன்றுதான். அமெரிக்கன் கோஸ்டர் என்தூசியாஸ்ட்ஸ் என்ற ரசிகர் சங்கம் 1978-இலிருந்து இருக்கிறது. ரசிகர்கள் கூடும் இடத்தில் முதல் கேள்வியே "உங்கள் எண் என்ன?" என்பதுதான். இந்தக் கணக்கில் ஒரு கோளாறு உண்டு. 400 அடி ராட்சதனுக்கும் ஒரு கிரெடிட், கம்பளிப்பூச்சி முகம் வைத்த பத்தடி உயரக் குழந்தைகள் வண்டிக்கும் ஒரு கிரெடிட். அதனால் மீசை வைத்த ஆண்கள் முட்டியை மடக்கிக்கொண்டு கம்பளிப்பூச்சிக்குள் உட்காருவதைப் பார்க்கலாம். சில பார்க்குகளில் குழந்தை கூட இல்லாமல் பெரியவர்களை ஏற்ற மாட்டார்கள். அங்கே அக்கா பிள்ளை, அண்ணன் பிள்ளை என்று யாரையாவது கெஞ்சிக் கூட்டிப் போவார்கள். வெகோமா என்ற டச்சு நிறுவனத்தின் பூமராங் கோஸ்டர் அச்சில் வார்த்த மாதிரி உலகம் முழுக்க டஜன் கணக்கில் நிற்கிறது. தோள்பட்டைத் தடுப்பில் காது இடிபடும் என்று தெரிந்தும், புது ஊரில் அதைக் கண்டால் ஏறுவார்கள். கேட்டால் "கிரெடிட்" என்பார்கள்.

தம்பியிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: ஏறி இறங்கிய பிறகு சிரித்தானா, அல்லது உடனே போனை எடுத்து எண்ணை மாற்றினானா? ரைடு பிடித்துப் போகிறவன் முதலில் சிரிப்பான். எண்ணுக்காகப் போகிறவன் போனை எடுப்பான். இரண்டையும் செய்கிறவர்கள்தான் அதிகம், அதனால் வரிசையைக் கவனியுங்கள். அப்புறம், அடுத்த தடவை அம்மாவை ஓட்டலில் விட்டுவிட்டு அவன் மட்டும் போகட்டும்.

கேள்வி: "கோ அவே கிரீன்" என்ற பச்சைப் பெயின்ட் எங்கெங்கே அடித்திருக்கிறது என்று பார்க்கில் தேடித் தேடிப் போட்டோ எடுக்கிறேன். எனக்குப் பைத்தியமா?

பதில்: வேலிகளும் பின்பக்கச் சுவர்களும் கண்ணில் படக் கூடாது என்பதற்காகவே டிஸ்னி அடிக்கும் பச்சை அது. அதைத் தேடிப் பிடித்துப் பார்க்கிறவர் நீங்கள். பெயின்ட் அடித்தவர்தான் வருத்தப்பட வேண்டும். உங்களுக்கு ஒன்றுமில்லை.

கேள்வி (ஆர்லாண்டோ): வீட்டில் 40 பாப்கார்ன் பக்கெட் இருக்கிறது, எல்லாம் என் மனைவியுடையது. ஒன்றிலும் பாப்கார்ன் போட விடமாட்டாள்.

பதில்: 2022 ஜனவரியில் டிஸ்னி வேர்ல்டின் எப்காட் பார்க்கில் ஃபிக்மென்ட் என்ற ஊதா டிராகன் வடிவ பக்கெட் விற்றார்கள். விலை சுமார் 25 டாலர். அதற்கு மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். ஒரு விடுமுறை நாளின் பெரும்பகுதியை, நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து, பிளாஸ்டிக் வாளிக்காக. வாங்கிய கையோடு ஈபேயில் பல மடங்கு விலைக்குப் போட்டவர்களும் உண்டு. அவர்கள் ரசிகர்களே இல்லை, பிளாக்கில் டிக்கெட் விற்பவர்கள். உங்கள் மனைவி விற்கவில்லை, வைத்திருக்கிறார். கொலு பொம்மையை யாராவது விளையாடக் கொடுப்பார்களா? அலமாரி போதவில்லை என்பதுதான் பிரச்சினை என்றால் இன்னொரு அலமாரி வாங்குங்கள். வரிசையில் நிற்க லீவு போடுகிறார் என்றால் மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. டிஸ்னியின் ஸ்பிளாஷ் மவுன்டன் ரைடை மூடியபோது இரண்டு நாள் அழுதாள். ஒரு ரைடுக்காக இப்படியா?

பதில்: அழட்டும். நீங்கள் சின்ன வயதில் சாமி கும்பிட்ட தெருக்கோடி மரத்தை வெட்டினால் உங்களுக்கும் தொண்டை அடைக்கும். பிள்ளைப் பருவத்தில் அப்பா மடியில் உட்கார்ந்து போன இடம் அவளுக்கு அது.

ஆனால் அழுகைக்குப் பிறகு என்ன என்பதில்தான் ஆட்கள் பிரிகிறார்கள். ஃப்ளோரிடாவில் 2023 ஜனவரியில் ஸ்பிளாஷ் மவுன்டன் மூடியதும், அந்த ரைடின் தண்ணீர் என்று சொல்லிப் பாட்டிலில் அடைத்து ஈபேயில் விற்றார்கள். கங்கா தீர்த்தம் மாதிரி! அந்த ரைடு 1946-இல் வந்த ஒரு படத்தை அடிப்படையாகக் கொண்டது. கறுப்பின மக்களைக் காட்டிய விதத்துக்காக வெகுகாலமாகக் கண்டிக்கப்படும் படம். மாற்றுவதற்கு அது ஒரு நல்ல காரணம் என்பது என் கருத்து. ரைடு போனதற்கு வருந்துவது வேறு, அதன் இடத்தில் டிஸ்னி படத்துக் கறுப்பின இளவரசி டியானாவின் ரைடு வந்ததற்காக ஆத்திரப்படுவது வேறு. இரண்டாவதைப் பிரியம் என்ற பெயரில் பேசியவர்களை நிறையப் பார்த்தேன். எனக்கு அருவருப்பாக இருந்தது.

அழகாகத் துக்கம் கொண்டாடியவர்களும் உண்டு. மிஸ்டர் டோட் என்ற தேரையின் ரைடை ஃப்ளோரிடாவில் மூடப்போவதாகத் தெரிந்ததும், 1997, 98-இல் ரசிகர்கள் பச்சை டி-ஷர்ட் போட்டுக்கொண்டு பார்க்குக்குள்ளேயே கூடிப் போராடினார்கள். கத்தல் இல்லை, உடைத்தல் இல்லை. 1998 செப்டம்பரில் மூடித்தான் விட்டார்கள். தோற்றவர்கள் மறுபடி பார்க்குக்குப் போனார்கள். கலிஃபோர்னியாவில் அதே தேரையின் ரைடு இன்றும் ஓடுகிறது, மகளைக் கூட்டி வாருங்கள்.

விடைகொடுக்க ஒரு நாள் கிடைத்ததே உங்கள் மகளுக்கு, அது பெரிய விஷயம். நியூ ஜெர்சியில் கிங்டா கா என்ற 139 மீட்டர் கோஸ்டர், உலகிலேயே உயரமானதாக நின்றது. 2024 நவம்பரில் கடைசி ஓட்டம் முடிந்த பிறகுதான் அது இனி திறக்காது என்று அறிவித்தார்கள். 2025 பிப்ரவரியில் வெடி வைத்துச் சாய்த்தார்கள். கடைசி ரைடு அதுதான் என்று தெரிந்து யாரும் ஏறவில்லை.

கேள்வி: டிஸ்னியின் ஹான்டட் மேன்ஷன் என்ற பேய் வீட்டு ரைடில் இறந்தவர்களின் அஸ்தியைத் தூவுகிறார்கள் என்பது உண்மையா?

பதில்: உண்மை. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2018-இல் விரிவாக எழுதியது. தூவினால் ரைடை நிறுத்தி, விசேஷ வேக்யூம் கிளீனர் கொண்டுவந்து உறிஞ்சுவார்கள். ஆகவே அப்பா பேய் வீட்டில் நிம்மதியாக இருக்கிறார் என்று நினைக்காதீர்கள். குப்பையோடு போய்விட்டார்.

கேள்வி: பார்க்கின் பின்பக்கம், மூடிக்கிடக்கும் இடங்கள், இவற்றைப் பார்க்க ஆசை. நண்பன் ஒருவன் வேலி தாண்டிப் போகலாம் என்கிறான்.

பதில்: போகாதீர்கள். டிஸ்னி வேர்ல்டின் டிஸ்கவரி ஐலேண்ட் 1999-இல் மூடப்பட்ட தீவு. கொரோனா நேரத்தில் அங்கே கூடாரம் போட்டுத் தங்கிய ஒருவரைப் போலீஸ் பிடித்தது. எப்காட்டில் மூடிக்கிடந்த ஒரு அரங்கில் பஸ்ஸி என்ற ரோபோ சிறுவன் இருந்தான். அவன் போட்டிருந்த உடைகள் திருட்டுப் போயின. அதற்காகக் கைதானவர் முன்னாள் ஊழியர், பழைய டிஸ்னியின் பெரிய ரசிகர். ஒரு பொம்மை மீது இருக்கும் பிரியத்தில் அதன் சட்டையைக் கழற்றுவதா?

கேள்வி: இளவரசி வேடம் போடும் ஒரு பெண்ணைப் பார்க்கவே வாரா வாரம் போகிறேன். அவளுடைய ஷிஃப்ட் நேரம் எல்லாம் தெரியும். இன்ஸ்டாகிராமில் அவளைக் கண்டுபிடித்துவிட்டேன். பேசலாமா?

பதில்: கூடாது. இந்தப் பக்கத்தில் நான் யோசிக்காமல் பதில் சொல்லும் ஒரே கேள்வி இது. பார்க்கில் உங்களைப் பார்த்துச் சிரித்தது இளவரசி. அந்தப் பெண்ணுக்கு அது சம்பளத்துக்குச் செய்யும் வேலை. வேடத்துக்குப் பின்னால் யார் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்ற வழக்கம் பார்வையாளர்களின் மாயைக்காக மட்டும் வந்ததில்லை, அவர்களின் பாதுகாப்புக்கும்தான். தம்பி, கண்டுபிடித்ததை அழித்துவிடுங்கள். ஒரு ஆறு மாதம் அந்தப் பக்கமே போகாதீர்கள். முடியவில்லை என்றால் யாராவது நல்ல கவுன்சிலரைப் பாருங்கள். திட்டுவதற்காகச் சொல்லவில்லை.

கேள்வி: கடன் வாங்கிப் போகலாமா?

பதில்: 1955-இல் நுழைவுக் கட்டணம் ஒரு டாலர், ரைடுகளுக்குத் தனி டிக்கெட். இன்று நெரிசலான நாட்களில் ஒருவருக்கு 200 டாலரைத் தாண்டுகிறது. நாலு பேர் குடும்பத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம்.

பணம் இருப்பவர்களுக்கும் இந்த வம்பு உண்டு. டிஸ்னிலேண்டுக்குள் கிளப் 33 என்று 1967-இலிருந்து இயங்கும் தனியார் கிளப் இருக்கிறது. வருடச் சந்தாவே பல்லாயிரம் டாலர். அதிலிருந்து நீக்கப்பட்ட ஒரு வயதான தம்பதி வருடக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். பொது இடத்தில் போதையில் இருந்ததாக டிஸ்னி தரப்பு சொன்னது. ஒற்றைத் தலைவலியால் வந்த தள்ளாட்டம் என்றார் அந்தக் கணவர். வழக்குக்குச் செலவானது சுமார் 4 லட்சம் டாலர். ஜூரி டிஸ்னி பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவர்களை நினைத்துச் சிரிக்கத் தோன்றவில்லை. அவமானப்பட்டுவிட்டோம் என்று நினைத்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

கேள்வி: எல்லோருக்கும் தீர்ப்புச் சொல்கிறீர்களே, உங்கள் நிலவரம் என்ன அண்ணா?

பதில்: இது வரும் என்று தெரியும். இதுவரை 418 தடவை. ஒவ்வொரு தடவையும் எந்த ரைடு, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடக் காத்திருப்பு என்று எக்ஸெல்லில் இருக்கிறது.

மகளுக்கு ஏழு வயதானபோது மூன்று நாள் பிறந்தநாள் பயணம் போட்டேன். வீடு பக்கத்தில் இருந்தும், விசேஷம் என்று ஓட்டல் எடுத்தோம். நிமிடக் கணக்கில் திட்டம். பார்க் திறக்கும்போது வாசலில் நின்றோம். பறக்கும் யானை ரைடில் அவள் இறங்கியதும் "இன்னொரு தடவை" என்றாள். திட்டத்தில் இல்லை என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அழுதாள், அதட்டினேன். மூன்று நாளில் 41 ரைடு. எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் அந்தப் பயணத்தைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பக்கம் முழுக்க ஓட்டல் நீச்சல் குளத்தைப் பற்றி எழுதியிருந்தாள். தண்ணீர் சூடாக இருந்ததாம், அம்மா கூடக் குதித்தாளாம். டிஸ்னிலேண்ட் என்ற வார்த்தையே இல்லை.

இப்போது அவளோடு போனால் யானையில் எத்தனை தடவை கேட்டாலும் ஏறுகிறோம். எக்ஸெல் இன்னும் இருக்கிறது. அவள் தூங்கிய பிறகு நிரப்புகிறேன்.