நோ-கேரியர் என்று வந்தால் நெட்பிளானைத் தொடாதீங்க

கடை கம்ப்யூட்டரில் நெட் வரலை, உபுண்டுவை (லினக்ஸ் இயங்குதளம்) திரும்பப் போடலாமான்னு கேட்டிருந்தீங்க. வேண்டாம். கேபிள் மாட்டியும் நெட்வொர்க் இணைப்பின் நிலையைக் காட்டும் 'ஐபி லிங்க்' (ip link) கட்டளை 'நோ-கேரியர்' (NO-CARRIER) என்று காட்டுதுன்னா, நெட்வொர்க் கார்டு தெரியுது, கம்பியில் சிக்னல்தான் வரலை. நெட்பிளான் (netplan) என்ற நெட்வொர்க் அமைப்புக் கோப்பை எத்தனை தடவை திருத்தினாலும் இது மாறாது.

கடை பாம்பனில், கடலோரம் என்கிறீங்க. என் சந்தேகம் உப்புக்காத்து மேலதான். கேபிளின் ஆர்ஜே-45 முனையை (நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் பிளக்) கழற்றி டார்ச் அடிச்சுப் பாருங்க. பொன்னிறத் தகடுகளில் பச்சையாக் களிம்பு ஏறியிருந்தா நறுக்கிட்டுப் புது முனையைக் கிரிம்ப் பண்ணுங்க (அதற்கான கருவியால் அழுத்திப் பொருத்துங்க). சுரண்டிச் சமாளிக்காதீங்க, திரும்ப ஏறிடும்.

அதுக்கு முன்னாடி வேற கேபிள் போட்டு அதே கட்டளையை ஓட்டுங்க. 'லோயர்-அப்' (LOWER_UP, கம்பியில் சிக்னல் வருதுன்னு அர்த்தம்) வந்தா பழைய கேபிள்தான் கோளாறு.

ரவுட்டர் அணைஞ்சிருந்தாலும் நோ-கேரியர்தான் வரும், அதையும் பார்த்துக்கோங்க. லோயர்-அப் வந்தும் ஐபி முகவரி கிடைக்கலைன்னா டிஹெச்சிபி (ஐபி முகவரியைத் தானா கொடுக்கும் முறை) பிரச்சினை. அப்போ நெட்பிளான் கோப்பைத் திருத்திட்டு, அதைச் சோதிக்க 'நெட்பிளான் ட்ரை' (netplan try) கட்டளை கொடுங்க. 120 நொடிக்குள் என்டர் தட்டலைன்னா பழைய அமைப்புக்கே திரும்பிடும்.