பயிற்சிக் கருவியால்தான் டைம் டிரையல் நேரம் குறைந்ததா?

சைக்கிளில், இரு கால்களும் தனித்தனியே சுழலும் கிராங்கில் (பெடல்கள் பொருத்தப்படும் தண்டு) மூன்று மாதம் பயிற்சி செய்ததில், 24 நிமிட 10 மைல் டைம் டிரையலில் (தனியாக நேரத்தோடு போட்டியிட்டு ஓட்டுவது) 30 வினாடி குறைந்தது என்கிறீர்கள்.

நேரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. காற்றின் அடர்த்தி 10 டிகிரியில் இருப்பதைவிட 30 டிகிரியில் சுமார் 7% குறைவு. சமதளத்தில் உங்கள் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே போகிறது. வசந்தத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை அளந்தாலே கிட்டத்தட்ட அந்த 30 வினாடி வந்துவிடும். அதனால் பெடலை மிதிக்கும் திறனை அளக்கும் பவர் மீட்டரைப் பாருங்கள். முன்பும் பின்பும் அதே மீட்டர், ஒவ்வொரு முறையும் பூஜ்யம் சரிபார்த்து. அதிலும் 1–2% வித்தியாசம் மீட்டரின் பிழையாகவே இருக்கலாம்.

அப்புறம், அந்த மூன்று மாதமும் வழக்கத்தைவிட அதிகம் ஓட்டினீர்களா? சாதாரண கிராங்கில் அதே அளவு ஓட்டிய நண்பரும் இதேபோல முன்னேறியிருந்தால், கிராங்குக்கு இதில் பங்கில்லை.