பள்ளி ஆட்டத்தை நேரலையில் போடலாமா? வழக்கறிஞரிடம் கேளுங்கள்

ஒளிபரப்பு, காப்புரிமை (காப்பிரைட்) வழக்குகள் நடத்தும் கடலூர் வழக்கறிஞர் ஒருவர், வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

நெல்லிக்குப்பம், உடற்கல்வி ஆசிரியர்: சார், பள்ளிகளுக்கிடையே நடக்கும் குறுவட்டக் கபடியை யூடியூபில் நேரலையாகப் போட ஏதாவது சட்டம் இருக்கிறதா?

பள்ளி விளையாட்டுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 2007-இல் வந்த விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், தேசிய முக்கியத்துவம் உள்ளவை என மத்திய அரசு அறிவிக்கும் போட்டிகளுக்கு மட்டும்தான். அந்த ஆட்டங்களைக் காட்டும் தனியார் சேனல், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்கும் நேரடி ஒளிபரப்பைத் தர வேண்டும். குறுவட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் மைதானத்துக்குள் கேமராவை விடலாமா வேண்டாமா என்று சொல்கிற அதிகாரம் போட்டி நடத்துபவரிடமும் இடத்துக்காரரிடமும் இருக்கிறது. பள்ளி மைதானம் என்றால் தலைமையாசிரியரிடமும், போட்டியை நடத்தும் கல்வித் துறையிடமும் எழுத்தில் வாங்குங்கள். அண்ணா விளையாட்டரங்கம் என்றால் மாவட்ட விளையாட்டு அலுவலரிடமும் வாங்குங்கள். "போனில் சரின்னு சொன்னார்" என்பது தகராறு வந்தால் உதவாது.

அரியாங்குப்பம், ஒரு தாய்: என் மகள் ஓடும்போது அவள் பெயர், வகுப்பு, ஊர் எல்லாம் திரையில் ஓடுகிறது. என்னை யாரும் கேட்கவில்லையே ஐயா?

கேட்டிருக்க வேண்டும் அம்மா. காப்புரிமைக்குப் பயப்படுகிற அளவுக்கு இதற்கு யாரும் பயப்படுவதில்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் எல்லோரும் குழந்தைகளே. பெயர், வகுப்பு போன்ற அவர்கள் தரவைக் கையாள, பெற்றோர்தான் கொடுத்தார் என்று சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். மத்தியச் சட்டம் என்பதால் உங்கள் புதுச்சேரிக்கும் பொருந்தும். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அவகாசம் இருக்கிறதே என்று பள்ளிகள் சும்மா இருக்க வேண்டியதில்லை. போட்டிக்குப் பெயர் கொடுக்கும் படிவத்திலேயே சம்மதத்துக்கு ஒரு பகுதி சேர்த்தால் போதும். சம்மதிக்காத பெற்றோரின் பிள்ளையை ஆட்டத்திலிருந்து நீக்கக் கூடாது. பெயரைத் திரையில் காட்டாமல் விட்டால் சரி. நீங்கள் தலைமையாசிரியருக்கு எழுதி, அந்த வீடியோவை நீக்கச் சொல்லுங்கள்.

விருத்தாசலம்: இடைவேளையில் சினிமாப் பாட்டு ஓடியது, எங்கள் நேரலையே முடங்கிவிட்டது!

மாணவர், ஆசிரியர், பெற்றோர் முன்னால் பள்ளி விழாவில் பாட்டுத் தட்டைப் போட காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. இணையத்தில் ஊரே பார்க்கும்போது அந்த விலக்கு நிற்காது. பாட்டு வரும்போது நேரலையின் மைக்கை அணைத்துவிடுங்கள் தம்பி.

உழவர்கரை: ஒரே சேனலுக்கு மட்டும் உரிமை கொடுத்துவிட்டு, பத்திரிகைக்காரரைத் தடுக்கலாமா?

அமெரிக்காவில் இதே சண்டை நடந்தது. விஸ்கான்சின் மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் ஒரே நிறுவனத்துக்கு நேரலை உரிமை கொடுத்தது, பத்திரிகைகள் எதிர்த்தன. 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் நின்றது: முழு ஆட்டத்தையும் ஒளிபரப்புவது வேறு, செய்தி எழுதுவது வேறு என்று. அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனாலும் இங்கேயும் அதுவே சரியான எல்லை என்பது என் கருத்து. ஸ்கோரை யாரும் சொல்லலாம். 2013-இல் டெல்லி உயர் நீதிமன்றமும் கிரிக்கெட் ஸ்கோர் வழக்கில் அப்படித்தான் சொன்னது. அரசுப் பள்ளி ஆட்டத்தை ஒரு தனியாருக்கு மட்டும், அதுவும் டெண்டர் இல்லாமல், எழுதிக் கொடுத்தால் கேள்வி வரும், வரவும் வேண்டும்.

பண்ருட்டி: நாங்கள் எடுத்த இறுதியாட்ட வீடியோவை வேறொருவர் தன் சேனலில் போட்டுவிட்டார்.

வீடியோ உங்களுடையது, 60 ஆண்டு காப்புரிமை உண்டு. முதலில் யூடியூபிலேயே புகார் கொடுங்கள். அசல் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.