லோட்டியை ராண்டாக மாற்றினால் பாதுகாப்பா?

கேள்வி: லெசோத்தோவின் தலைநகர் மசேருவில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டு மேலாளராக இருக்கிறேன். ஒப்பந்தம் முடிய இன்னும் பதினெட்டு மாதங்கள் உள்ளன. உள்ளூர் வங்கியில் 2 லட்சம் லோட்டி சேமித்திருக்கிறேன். சின்ன நாட்டுப் பணமாயிற்றே என்று பயமாக இருக்கிறது. தென்னாப்பிரிக்க ராண்டாக மாற்றி வைக்கலாமா?

பதில்: மாற்றுவதால் உங்களுக்குப் பெரிய லாபம் இல்லை. 1980-இல் அறிமுகமான நாளிலிருந்து ஒரு லோட்டி ஒரு ராண்டுக்குச் சமமாகவே வைக்கப்பட்டிருக்கிறது. லெசோத்தோவின் மத்திய வங்கி அதற்கேற்ற அந்நியச் செலாவணிக் கையிருப்பைப் பேணி வருகிறது. மசேருக் கடைகளில் ராண்டும் செல்லும் என்பதை அன்றாடம் பார்த்திருப்பீர்கள். மறுபக்கம் அப்படியில்லை: பாலத்தைத் தாண்டி ஜோகன்னஸ்பர்க் போய்ச் சேர்ந்தபின் லோட்டி நோட்டை நீட்டினால் வாங்க மாட்டார்கள். ஆகவே நாடு திரும்பும்போது கையில் இருக்கும் நோட்டுகளை மசேருவிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

நீங்கள் பயப்பட வேண்டியது ராண்டைப் பற்றித்தான். 2012-இல் ஒரு ராண்டுக்குச் சுமார் ஆறரை இந்திய ரூபாய் கிடைத்தது. 2024-இல் சுமார் நாலரை ரூபாய். உங்கள் 2 லட்சம் அன்று 13 லட்சம் ரூபாய், இன்னொரு நாளில் 9 லட்சம். இடையில் கிடைத்த வட்டி இதில் ஓரளவை ஈடுகட்டியிருக்கும் என்றாலும், ஊரில் செலவு செய்யப்போகும் பணத்தை அங்கே குவித்து வைக்க நான் சொல்ல மாட்டேன்.

இதைவிட அவசரமானது உங்கள் வேலை. லெசோத்தோ அரசின் வருமானம் ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகள் சேர்ந்து வைத்திருக்கும் சுங்க ஒன்றியத்தின் பங்கையும், 1986 ஒப்பந்தப்படி தென்னாப்பிரிக்காவுக்கு மலைநீரை விற்று வரும் உரிமத்தொகையையும் பெரிதும் நம்பியிருக்கிறது. ஆனால் ஆடைத் தொழிற்சாலைகளோ அமெரிக்கச் சந்தையின் வரிச்சலுகையை நம்பி வளர்ந்தவை. 2025 ஏப்ரலில் லெசோத்தோ சரக்குக்கு 50 சதவீத வரியை அமெரிக்கா அறிவித்ததும், ஆகஸ்டில் அது 15 சதவீதமாகக் குறைவதற்குள் ஆர்டர்கள் ரத்தாகி ஆட்குறைப்பு நடந்ததும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சம்பளமும் சேமிப்பும் ஒரே நாட்டில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

ஆகையால் ஆறு மாதச் செலவுக்கான தொகையை மட்டும் அங்கே வைத்துக்கொண்டு, மீதியை நான்கைந்து தவணைகளாக இந்தியாவில் உள்ள உங்கள் என்.ஆர்.இ. கணக்குக்கு (வெளிநாடுவாழ் இந்தியர் வெளிநாட்டு வருமானத்தை ரூபாயில் போட்டுவைக்கும் வங்கிக் கணக்கு) அனுப்புங்கள், வெளிநாட்டில் வசிப்பவராக இருக்கும்வரை அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது. அங்கே அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு உண்டு என்பதால் சம்பளச் சீட்டு, வரி கட்டிய சான்று, ஒப்பந்த நகல் மூன்றையும் வங்கியில் முன்கூட்டியே காட்டி, என்னென்ன கேட்பார்கள் என்று விசாரித்து வையுங்கள். கடைசி மாதத்தில் ஓடினால் அலைச்சல்தான் மிஞ்சும்.